மனோன்மணீயத்து இரு மாணாக்கர்

சித்தாந்தம் என்னும் சொல்லே ஓர் உரையாடலின் ஈற்றில் நிற்கும் சொல்லாகும். பூர்வபக்கம் ஒன்று முன்னர் எழாதவழிச் சித்தாந்தம் எழுதற்கு இடமில்லை. எதிர்நின்று வினவுவான் ஒருவன் வேண்டும். அவன் ஐயத்தைப் பொறுமையுடன் கேட்பான் ஒருவனும் வேண்டும். நம் சந்தான வரலாறும் ஒரு வினாவிலேதான் உயிர்பெறுகின்றது. திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்ட தேவர் மாணாக்கர்க்கு ஆணவமலத்தின் இயல்பை உணர்த்திக்கொண்டிருந்த காலை, அங்குப் போந்த சகலாகம பண்டிதர், ஆணவத்தின் உருவம் யாது என வினவினர் என்றும், இளம்பருவத்தினராகிய ஆசிரியர் வாய்திறவாது அவரையே நோக்கினர் என்றும், அந்நோக்கில் விடையுணர்ந்த பண்டிதர் அடிபணிந்து அருணந்தி சிவாசாரியர் ஆயினர் என்றும் பெரியோர் கூறுவர். வினா சொல்லால் எழுந்தது; விடை பார்வையால் வந்தது. இதனை ஒரு நாடகக் காட்சி என்று கூறினும் பிழையாகாது.

அவ்வருணந்தியாரே பின்னர்த் தம் ஆசிரியரை முன்னிலைப்படுத்தி வினாமேல் வினாவாக இருபா இருபஃது இயற்றினர். திருவதிகை மனவாசகங் கடந்தார் செய்த உண்மை விளக்கம், மாணாக்கன் கேட்க ஆசிரியர் விடையிறுக்கும் முறையிலேயே முழுதும் செல்வது. திருவாசகத்துள் திருச்சாழல், மகளிர் இருவர் ஆடும் விளையாட்டின் வடிவில் இறைவன் செயல்களைப்பற்றிய தடையையும் விடையையும் அடுக்குகின்றது. ஈழத்து மன்னனின் ஊமைமகள் தில்லையிற் புத்தர்க்கு இறுத்த விடைகளே அவை என்பது புராண வழக்கு. தத்துவ வாதம் பெண்கள் ஆட்டப்பாட்டின் உருக்கொண்டு மக்கள் நாவில் உலவியதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பிற சமயத்தாரும் இந்நெறியைக் கைவிட்டிலர். மணிமேகலை வஞ்சிமாநகரில் சமயக்கணக்கர் பலரையும் அணுகி அவரவர் திறங் கேட்கின்றாள். (அங்குச் சைவவாதிக்குக் கிடைத்த இடம் சில அடிகளே என்பதைச் சைவர் மறத்தற்கில்லை.) நீலகேசி ஊர்தோறுஞ் சென்று வாதிடும் ஒரு பெண்ணையே காப்பியத் தலைவியாக்கியது. 1313-ஆம் ஆண்டளவில் உமாபதி சிவாசாரியர் அருளிய சங்கற்ப நிராகரணத்தில், ஒரு வாதி கூற்றை அடுத்த வாதி மறுக்க, அவன் கூற்றைப் பிறிதொருவன் மறுக்க, வாதம் சங்கிலியாகத் தொடர்கின்றது.

இவையெல்லாம் உரையாடலே எனினும், இவற்றின்கண் ஒரு குறை இன்றேல் குறையெனத் தோன்றும் ஒன்று உண்டு. மாணாக்கன் வினவுதற்கு முன்னரே விடை ஆயத்தமாக உள்ளது. மறுக்கப்படும் வாதிக்கு மனையில்லை, ஊரில்லை, துன்பமில்லை. அவன் வீழ்தற்பொருட்டே எழுகின்றான். கோட்பாடு தெளிவுறுகின்றது என்பது உண்மை. ஆனால் அக்கோட்பாட்டை ஏற்றவன், நாடு அழியும் நாளில் என்செய்வான் என்பதை வாதநூல் காட்டமாட்டாது. அதனைக் காட்டுதற்குக் கதை வேண்டும், மாந்தர் வேண்டும், இழத்தற்குரிய நிலம் ஒன்றும் வேண்டும். நாஞ்சில் நாட்டை அத்தகைய நிலமாகக் கொண்டு, 1891-ஆம் ஆண்டில் தமிழில் ஒரு நாடகம் வெளிவந்தது. அதனை இயற்றியவர் தத்துவ நூல் கற்பித்த பேராசிரியர் ஒருவரே.

பெ. சுந்தரம் பிள்ளை 1855-ஆம் ஆண்டு ஆலப்புழையிற் பிறந்தவர். சில காலம் திருநெல்வேலியில் ஆசிரியத் தொழில் புரிந்து, பின் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக அமர்ந்து, 1897-இல், நாற்பத்திரண்டாம் அகவையிலேயே, மறைந்தவர். மேனாட்டுத் தத்துவத்தை ஹார்வி என்னும் ஆங்கிலப் பேராசிரியரிடத்தும், அனுபவ நெறியைக் கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளிடத்தும் பயின்றவர். திருஞானசம்பந்தர் காலத்தை வரலாற்று முறையால் ஆராய்ந்து வரையறுத்தமையாற் சைவ உலகம் அவர்க்கு என்றும் கடப்பாடுடையது. வேணாட்டு வேந்தர் வரிசையைக் கல்வெட்டுக்களைக்கொண்டு நிறுவிய ஆராய்ச்சியும் அவருடையதே. இவ்வாறு கல்லையும் ஏட்டையும் ஒருங்கே படித்த ஒருவர், தம் தத்துவத்தைக் கட்டுரையாக எழுதாது ஐந்து அங்கங்கொண்ட நாடகமாக எழுதியது தற்செயலன்று. பிளேட்டோவின் நூல்களிலே சாக்கிரதர் தெருவிலும் விருந்திலும் சிறையிலும் உரையாடிய வகையைக் கற்பிக்கும் தொழிலினர்க்கு, உரையாடும் ஆளையும் உரையாடும் இடத்தையும் நீக்கிவிட்டால் தத்துவத்தின் ஒரு பாதி போய்விடும் என்பது புலனாகாதிராது.

கதையின் முதல் லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய 'இரகசிய வழி' என்பது. ஆயின் பிள்ளையவர்கள் அதனைத் தென்பாண்டி மண்ணிற் பெயர்த்து நட்ட திறம், மூலத்தை நினைவிற் கொள்ளாதபடி செய்துவிடுகின்றது. பாண்டியன் சீவகன் அமைச்சன் குடிலனை நம்பி மதுரையை விட்டுத் திருநெல்வேலியிற் கோட்டை கட்டி வாழ்கின்றான். குலகுருவாகிய சுந்தரமுனிவர், மன்னன் மகள் மனோன்மணியைச் சேரன் புருடோத்தமனுக்கு மணஞ்செய்தல் நன்றென்றும், அதற்கு நடராசனைத் தூதாக விடுக்கவென்றும் கூறுகின்றார். குடிலன் குறுக்கிடுகின்றான். சேரன் கையிலிருக்கும் நாஞ்சில் நாடு செந்தமிழ் வழங்கும் வளநாடென்றும், பாண்டியர்க்கு உரியதென்றும் மன்னன் செவியில் ஊதித் தன் மகன் பலதேவனையே தூதாக அனுப்புவிக்கின்றான். மணம் பேசச் சென்றவன் மண்ணைக் கேட்டுச் செருக்குடன் பேசுகின்றான், போர் மூளுகின்றது.

குடிலன் நாஞ்சில் நாட்டின் வளத்தை விரித்துரைக்கும் பகுதி நாடகத்தின் அழகிய பகுதிகளுள் ஒன்று. அழகாயிருப்பதே அதன் கேடு. அவன் கூறுவனவற்றுட் பல மெய்யே. நெல் விளையும் நன்செயும், தமிழ் வழங்கும் ஊர்களும் பொய்யல்ல. பிற்காலத்து, 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுக்காக்களும் திருவிதாங்கூர்–கொச்சி இராச்சியத்தினின்றும் பிரிந்து சென்னை இராச்சியத்துடன் கன்னியாகுமரி மாவட்டமாகச் சேர்ந்தமைக்கும் மொழியே காரணமாயிற்று. அங்ஙனமாயின் குடிலன் செய்த பிழை யாது? மெய்யைப் பொய்க்கருவியாக்கியதே. அன்றியும், அவனோடு மன்னன் நிகழ்த்துவது உரையாடல் போலத் தோன்றுமேயன்றி உரையாடல் அன்று. சீவகன் தன் விருப்பத்தின் எதிரொலியையே மறுமொழியாகக் கேட்கின்றான். குருவின் சொல்லைக் கேட்டுந் தெளியாத அவன், முகமனைக் கேட்டவுடன் தெளிந்துவிட்டதாக மயங்குகின்றான். சீவன், குடிலம், புருடோத்தமன் என்னும் பெயர்களை நோக்கி இக்கதைக்கு உட்பொருள் கூறுவார் பலர். மலத்தோடு உயிர் நடத்தும் இவ்வொருதலைப் பேச்சினைக் கூர்ந்து நோக்கின், அவ்வுட்பொருள் வலிந்து கொண்டதாகத் தோன்றாது.

இப்போர்மேகங் கவிந்த நிலையில், முனிவரின் மாணாக்கர் இருவர் தம்முள் உரையாடுகின்றனர். ஒருவர் நிட்டாபரர், மற்றவர் கருணாகரர். பெயரே கொள்கை. உலகியற் கலக்கத்தை விட்டு உள்ளடங்கி இருத்தலே துறவிக்கு உரியது என்பது முன்னவர் நிலை. துன்புறும் உயிர்களைக் கண்டும் இரங்காதிருத்தல் எங்ஙனம் என்பது பின்னவர் நிலை. மன்னன் மகள் மணத்திலும் நாட்டின் போரிலும் குருநாதர் ஏன் தலையிடல் வேண்டும் என்னும் ஐயம், இவ்வழக்கின் அடியிற் கிடக்கின்றது. ஐயம் நேரியதே. முற்றத் துறந்த முனிவர் அரண்மனையில் ஓர் அறையின் திறவுகோலைக் கேட்டு வாங்கி, அங்கிருந்து புறத்தே செல்லச் சுருங்கை வழி அமைப்பது, நிட்டை கூடினார் செயலாக ஒருவர்க்குத் தோன்றாமலிருக்கலாம்.

இவ்வழக்கு சங்கற்ப நிராகரணத்து வழக்குப் போன்றதன்று. இருவரும் ஒரு குருவின் மாணாக்கர். இருவரையும் முனிவர் தம் அருகிலேயே வைத்திருக்கின்றார். ஒருவர் கொடியை மற்றவர் அறுத்து வீழ்த்தும் வேட்கை ஈண்டு இல்லை. வழக்கின் முடிவோ, ஆசிரியர் கூறும் சூத்திரத்தாலன்றிக் கதையின் நிகழ்ச்சியாலேயே வருகின்றது.

சைவ நூலுணர்ந்தார் இவ்விருவரையும் தம் நூலால் அளந்து பார்த்தல் தகும். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானத்தின் படிகளை நம் நூல்கள் வகுத்தன. ஆதலின் நிட்டாபரர் நிற்க விரும்பும் இடம் இழிந்ததன்று. அது முடிந்த படியே. ஆனால் சிவஞானபோதம் அப்படியோடு முடியவில்லை. அதன் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கிய ஞானியையும் அன்பரோடு கூடி, அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் வழிபடுமாறு பணிக்கின்றது. அத்துணை உயர்ந்தவர்க்கும் பிறரோடு கூடும் கூட்டம் ஒழியவில்லை. திருநாவுக்கரசர் கையினின்று உழவாரப்படையும் இறுதிவரை நீங்கவில்லை. அடியார் கூட்டமும் போரில் நையும் குடிமக்களும் ஒன்றல்லர் என்று கூறுவார்க்கு அது தக்க தடையே. கருணாகரர் நம் நூலெல்லையைச் சிறிது அகலமாக்குகின்றார் என்பதை மறைத்துப் பயனில்லை. எனினும் அவர் அகற்றும் திசை நூல் காட்டிய திசையே.

கோடகநல்லூர்ச் சுவாமிகள் வழியில் வந்தமையாற் பிள்ளையவர்கள் வேதாந்தச் சார்பினர் என்றும், இந்நாடகத்தைச் சித்தாந்த நூலோடு சேர்த்தெண்ணலாகாதென்றும் கூறுவார் உளர். அவர் கூற்று முற்றும் தள்ளத்தக்கதன்று. நூலிற் சில இடங்களில் அச்சாயல் உண்டு. ஆனால் உலகைப் பொய்யெனக் கழித்துவிட்ட ஒருவர்க்கு, நிட்டாபரர்க்கு எதிராகக் கருணாகரரை இத்துணை வலிமையோடு பேசவைக்க வேண்டிய கட்டாயம் என்னை? ஆசிரியர்க்குள்ளேயே அவ்விருவரும் வாழ்ந்தனர் போலும். கட்டுரை எழுதியிருப்பின் ஒருவரை அவர் அடக்கியிருப்பார். நாடகம் எழுதியமையால் இருவரும் வாய்திறந்தனர்.

இவ்வழக்கிற்கு மற்றொரு விடையும் நூலில் உண்டு. அது வாதமாக வரவில்லை. முனிவர்பால் அன்புடைய நடராசன் ஊர்ப்புறத்தே தனித்து நின்று, அங்குள்ள சிறு புல்லையும், நீர் கொண்டோடும் வாய்க்காலையும், மண்ணுள் நெளியும் நாங்கூழ்ப் புழுவையும் நோக்கி அவற்றோடு பேசுகின்றான். உழவர்க்கு யாரும் அறியாமல் மண்ணைப் பதமாக்கித் தரும் புழுவின் உழைப்பை வியக்கின்றான். மண்புழுவின் தொழிலைப் பற்றி டார்வின் எழுதிய நூல் 1881-இல் வெளிவந்தது. பத்தாண்டுக்குள் அப்புழு தமிழ் நாடகத்திலே தத்துவப் பொருளாயிற்று. புழு மறுமொழி கூறாது. வாய்க்காலும் கூறாது. ஆயினும் அவை செய்யும் தொழிலே மறுமொழியாகின்றது. மெய்கண்டார் முன் நின்ற பண்டிதர் பெற்ற விடையை இவ்விடத்து நினையாதிருத்தல் அரிது. பழையாற்றுக் கால்களாற் பயிர் விளைக்கும் நாஞ்சில் நாட்டு வேளாண் மக்கள், இப்பகுதியை ஏட்டுச் சுவையாக மட்டும் படித்திருக்கமாட்டார்கள்.

நாடகத்திற்குக் குறையில்லை என்பதன்று. கூற்றுக்கள் மிக நீள்வன. அரங்கில் நடித்தற்கினும் இருந்து படித்தற்கே ஏற்றது. இதனாலோ என்னவோ, பாயிரத்திலுள்ள தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியே எங்கும் பரவியது. அப்பகுதி 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களிற் பாடப்பட்டு, 2021-இல் மாநிலப் பாடலென அறிவிக்கப்பெற்றது. அதனை எழுந்து நின்று கேட்போருள், நிட்டாபரர் கருணாகரர் பெயரைக் கேட்டவர் நூற்றுக்கு ஒருவர் இருப்பரோ என்பது ஐயமே.

இறுதியில் பாண்டியன் படை தோற்கின்றது. முனிவர் அமைத்த சுருங்கை வழியைக் கண்டுகொண்ட குடிலன், அதன் வழியே சென்று மன்னனைக் காட்டிக்கொடுக்க முயல்கின்றான். புருடோத்தமன் அவனைத் தளையிட்டு, அதே வழியாக அரண்மனையுட் புகுகின்றான். அங்கே நள்ளிரவில், தந்தையின் பொருட்டு உடன்பட்ட மனோன்மணி பலதேவனுக்கு மாலை சூட்ட நிற்கின்றாள். கனவிற் கண்டவனை நேரிற் கண்டதும் மாலை அவன் தோளில் வீழ்கின்றது. நாஞ்சில் நாடு யாருடையது என்னும் கேள்வியை அதன்பின் ஒருவரும் எழுப்பவில்லை.