ஒரு பந்தும் 33 ஓட்டங்களும்

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்திற் பிறந்து, டென்னிஸ் பந்து வீசிப் பழகியவர் த. நடராசன். 2020 நவம்பர் 6ஆம் நாள், அபுதாபியில், ஐ.பி.எல். போட்டியின் வெளியேற்றுச் சுற்றில் அவர் ஐதராபாத் அணிக்காகப் பெங்களூரு அணிக்கு எதிராகப் பந்து வீசினார். 56 ஓட்டங்கள் எடுத்து நிலைத்து நின்ற டிவில்லியர்சின் காலடியில் யார்க்கர் ஒன்று விழுந்தது, கம்பு பெயர்ந்தது.

அவர் அன்று சிறப்பாக ஆடினாரா? இதனை இருவிதமாக வாதிடலாம். 20 ஓவர்களில் 131 ஓட்டங்களே எடுத்த அணிக்கு, நடராசன் 4 ஓவர்களில் 33 ஓட்டங்கள் கொடுத்தார். எடுத்த விக்கெட்டுகள் 2. ஹோல்டரோ 25 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஏட்டை மட்டும் நோக்குவோர் ஹோல்டரையே உயர்த்துவர். அதில் தவறில்லை.

ஆயினும் ஏடு ஒரு கல்வெட்டைப் போன்றது; தானத்தின் அளவைக் கூறும், அதனால் விளைந்ததைக் கூறாது. ஐதராபாத் வென்றது இரண்டே பந்துகள் எஞ்சியிருக்கையில். டிவில்லியர்ஸ் இறுதிவரை நின்றிருந்தால் 131 என்ற எண் அவ்வாறே நின்றிருக்குமா? என் வாக்கு அந்த ஒரு பந்துக்கே.

மறுபுறமும் கேளுங்கள். நவம்பர் 8ஆம் நாள் தில்லியிடம் ஐதராபாத் 17 ஓட்டங்களில் தோற்றது. நடராசனுக்கு அன்று விக்கெட் இல்லை. வாதம் அத்துடன் ஓயவில்லை. 2021 சனவரியில் பிரிசுபேன் நகரில், தம் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்சில், அவர் 78 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள் வீழ்த்தினார்.