இன்ஹேலர் வகைகள்: யாருக்கு எது பொருந்தும்?

ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் இன்ஹேலரே முதன்மை மருந்து. குறைந்த அளவு மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குச் செல்வதால் பக்கவிளைவும் குறைவு. ஆனால் கருவிக்குக் கருவி இழுக்கும் முறை மாறும். நாம் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஸ்ப்ரே வகை: குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக ஆழமாக இழுத்து, 10 வினாடி அடக்க வேண்டும். இது கைவராத முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஸ்பேசர் குழாய் அவசியம்.

பவுடர் வகை: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதினால் ஈரம் பட்டுப் பவுடர் கட்டியாகும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது ஏற்றதல்ல.

நெபுலைசர்: இயல்பாக மூச்சு விட்டாலே போதும், நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். இல்லையேல் வாயில் வெண்புண் வரலாம்.

ரமளானில் இருவேளைத் தடுப்பு மருந்தை ஸஹரிலும் இஃப்தாருக்குப் பின்பும் எடுக்கலாமா என மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்போம். இன்ஹேலரால் நோன்பு முறியுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பகலில் மூச்சுத்திணறினால் தயங்காமல் எடுத்துவிட வேண்டும். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. உயிரைக் காப்பதும் நம் கடமையே.