போக்கெழுதிய கணக்கு: 'குப்பை' மரபணுவும் சினைப்பைப் புற்றுநோயும்

வணிகவியல் படித்தவர்களுக்கு வாராக்கடன் தெரியும். இனி வராது என்று போக்கெழுதிய தொகை, சில சமயம் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து நிற்கும். உயிரியலிலும் அப்படிப் போக்கெழுதப்பட்ட ஒரு கணக்கு உண்டு. அதைத் திரும்பத் திறந்தபோது கிடைத்தவற்றில் ஒன்று, பெண்களைச் சத்தமில்லாமல் கொல்லும் ஒரு நோயின் தடயம்!

டி.என்.ஏ.யில் இருக்கும் தகவல் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, பிறகு புரதமாகிறது. 1958-ல் ஃபிரான்சிஸ் கிரிக் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு உயிரியலின் அடிப்படைப் பாடமே இதுதான். அப்படியானால் புரதம் செய்யாத டி.என்.ஏ. எதற்கு? 1972-ல் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி அதற்கு வைத்த பெயர் 'குப்பை'. பெயர் ஒட்டிக்கொண்டது. 2003-ல் மனித மரபணுத் தொகுப்புத் திட்டம் முடிந்தபோது, புரதத்துக்கான பகுதி 2 சதவீதம்கூட இல்லை என்று தெரிந்திருந்தது. மீதி 98 சதவீதமும் குப்பையா?

சந்தேகம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1990-ல் ஷெர்லி டில்மனின் குழு, எலிக் கருவில் ஏராளமாக உற்பத்தியாகும் எச்19 என்ற ஆர்.என்.ஏ.வை ஆராய்ந்தது. எவ்வளவு தேடியும் அதற்குரிய புரதம் கிடைக்கவில்லை. ஆர்.என்.ஏ.வே வேலை செய்கிறதோ என்று அவர்கள் எழுதினார்கள். 1991-ல் பெண்களின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அடக்கி வைப்பதோடு தொடர்புடைய எக்ஸிஸ்ட் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.தான். 200 எழுத்துகளுக்கு மேல் நீளமுள்ள இந்த வகைக்குப் பின்னாளில் 'நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ.' என்று பெயர் வந்தது.

2007-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் ரின், ஹோவர்ட் சாங் ஆகியோர் ஹோட்டேர் என்ற ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்தார்கள். 12-ஆம் குரோமோசோமில் உருவாகும் இது, 2-ஆம் குரோமோசோமில் உள்ள மரபணுக்களை அணைக்க உதவுகிறது. அதாவது, மரபணுக்களைப் பூட்டும் புரதங்களுக்கு இது வழிகாட்டி. வழிகாட்டி அளவுக்கு மீறிப் பெருகினால், பூட்டக்கூடாத கதவுகளும் பூட்டப்படும். மார்பகப் புற்றுநோய் பரவுவதில் இதற்குப் பங்கு உண்டு என்று 2010-ல் சாங்கின் குழு காட்டியது. 2014-ல் சீன ஆய்வாளர்கள் சினைப்பைப் புற்றுநோயிலும் அதையே கண்டார்கள். ஹோட்டேர் அதிகமாக இருந்த பெண்களுக்கு நோய் முற்றியிருந்தது, ஆயுளும் குறைந்திருந்தது. ஆய்வகத்தில் அதை அடக்கியபோது புற்றுச் செல்கள் ஊடுருவும் வேகம் குறைந்தது.

இதில் என்ன அவசரம் என்கிறீர்களா? சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வயிற்றுக்குள் பரவிய பிறகே தெரியவருகிறது. 1981-ல் ராபர்ட் பாஸ்ட் குழுவின் ஆய்விலிருந்து பிறந்த சி.ஏ.125 ரத்தப் பரிசோதனை பெரிய நம்பிக்கை தந்தது. ஆனால் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த பிரிட்டன் ஆய்வின் முடிவு 2021-ல் வந்தபோது, அந்தப் பரிசோதனையை மையமாக வைத்த சோதனைத் திட்டத்தாலும் இறப்பு குறையவில்லை என்று தெரிந்தது. புதிய அடையாளங்களைத் தேடித்தான் ஆகவேண்டும்.

அதற்காக 98 சதவீதமும் பொக்கிஷம் என்று துள்ளவும் கூடாது. அதில் எவ்வளவு உண்மையில் பயனுள்ளது என்று விஞ்ஞானிகளுக்குள் இன்றும் சண்டைதான். இந்த ஆர்.என்.ஏ.க்களை வைத்து இந்நோய்க்கான வழக்கமான பரிசோதனையோ மருந்தோ இன்னும் வரவில்லை.

அதுவரை பழைய எச்சரிக்கைதான் துணை. தீராத வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் வருவது... இவை வாரக்கணக்கில் நீடித்தால், "வாயுதான்" என்று அம்மா சொன்னாலும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அந்தக் கணக்கையும் அவசரப்பட்டுப் போக்கெழுத வேண்டாம்.