ஒரு விரலுக்கு 100 கோடி: சூப்பர் பவுலில் மாதங்கி

நம்ம பக்கம் அதிகம் பேசப்படாத ஒரு கதை. த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2012 பிப்ரவரி 5, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். சூப்பர் பவுல், அதாவது அவங்க ஊர் ஃபுட்பாலின் இறுதிப் போட்டி. நம்ம ஐபிஎல் ஃபைனல் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஆனா இடைவேளைக் கச்சேரிக்காக மட்டுமே டிவி போடுற கூட்டமும் அங்க உண்டு. அன்னைக்கு மேடை மடோனாவுக்கு. பார்த்தவங்க சுமார் 11.4 கோடி பேர். ராப் பாட கூட வந்தவங்க நிக்கி மினாஜும் எம்.ஐ.ஏ.வும்.

எம்.ஐ.ஏ.வின் முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். 1975ல் லண்டனில் பிறந்து, ஆறு மாசக் குழந்தையா யாழ்ப்பாணம் போனவர். அப்பா ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நடுவுல கொஞ்ச காலம் சென்னை வாசம். 1986ல் அம்மா பிள்ளைகளைக் கூட்டிட்டு அகதியா லண்டனுக்கே திரும்பினாங்க.

அப்படிப் போக வழியில்லாதவங்கதான் படகேறி எங்க கரைக்கு வந்தாங்க. மண்டபம் முகாமுக்கு ஒரு பழைய கதை இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல இலங்கைத் தோட்ட வேலைக்குப் போன நம்ம ஆட்களை, காலரா, அம்மை பயத்துல நிறுத்தி வச்சுப் பரிசோதிச்ச இடம் அது. நடத்தினது இலங்கை அரசு. 1983க்கு அப்புறம் ஓட்டம் திரும்பி, அதே இடம் அங்கிருந்து வந்தவங்களுக்கு அகதி முகாம் ஆச்சு. இன்னைக்கும் ஓ.பி.யில வயசு கேட்டா, 'நாங்க வந்த வருஷம்' கணக்கு வச்சுப் பதில் சொல்றவங்க உண்டு.

மாதங்கிக்கு இங்கிலீஷே லண்டன் பள்ளிக்கூடத்துலதான் சரியா வந்தது. வீட்டு ரேடியோ திருடு போனதும் பக்கத்து வீட்டுல ஓடுற ஹிப்-ஹாப்பைக் கேட்டு வளர்ந்ததா அவரே சொல்லியிருக்கார். முதல் ஆல்பம் 2005ல், அப்பா பேர்ல 'அருளர்'. 2007ல் ரெண்டாவது, அம்மா பேர்ல 'கலா'. 2009 பிப்ரவரி 8, கிராமி மேடையில ஜே-ஸி, கான்யே வெஸ்ட் கூட நிறைமாசக் கர்ப்பிணியா ஏறிப் பாடினார். அன்னைக்குத்தான் அவருக்குக் குறிச்சிருந்த பிரசவத் தேதி! மூணு நாள்ல குழந்தை பிறந்தது. (என் வார்டுல யாராவது இப்படிக் கேட்டிருந்தா நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.)

அதே வாரங்கள்ல வன்னியில கடைசிக்கட்டப் போர். அமெரிக்க டிவியில அதை இனப்படுகொலைன்னே சொன்னார். பெருசா எதுவும் அசையல.

ஆனா 2012ல் பாட்டோட நடுவுல கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். ஒரு நொடிகூட இருக்காது. என்.பி.சி. அதை மறைக்கிறதுக்குள்ள ஒளிபரப்பாகிடுச்சு. சேனல், என்.எஃப்.எல். ரெண்டும் மன்னிப்புக் கேட்டன. 2004ல் இதே மேடையில ஜானட் ஜாக்சன் உடை விலகினதுக்கு சி.பி.எஸ். சேனலுக்கு 5,50,000 டாலர் அபராதம் போட்டாங்க. பின்னாடி கோர்ட்ல அது நிக்கலைன்னாலும் அந்தப் பயம் எல்லாருக்கும் இருந்தது.

என்.எஃப்.எல். முதல்ல கேட்டது 15 லட்சம் டாலர். 2014 மார்ச்ல இன்னும் 1.51 கோடி டாலர் சேர்த்தாங்க. அன்றைய மதிப்புல மொத்தம் கிட்டத்தட்ட 100 கோடி ரூபாய். கூடுதல் தொகைக்குக் கணக்கு என்ன தெரியுமா? அவர் திரையில வந்தது ரெண்டு நிமிஷம். அந்த நேரத்தை விளம்பரத்துக்கு வித்திருந்தா என்ன கிடைச்சிருக்குமோ, அது. இத்தனைக்கும் இந்தக் கச்சேரியில பாடுறவங்களுக்கு லீக் தனியா சம்பளம் தர்றதில்ல.

மாதங்கி ஒரு வீடியோவுல திருப்பிக் கேட்டார்: எனக்குப் பின்னாடி ஆடின பள்ளிக்கூட வயசுப் பொண்ணுங்களோட அசைவுகள் உங்க கண்ணுக்குப் படலையா? 2014 ஆகஸ்ட்ல சமரசம் ஆச்சு. தொகை வெளியே வரல.

விரல் காட்டினது புரட்சின்னு நான் சொல்ல வரல. சின்னப்புள்ளத்தனம்னுதான் படுது. அது மாதங்கி தேவியின் முத்திரைன்னு அவர் பின்னாடி சொன்ன விளக்கமும் எனக்கு ஒட்டல. என்னை உறுத்துறது அந்த ரெண்டு நிமிஷக் கணக்கு. வன்னியைப் பத்தி அவர் பேசினப்ப யாருக்கும் பெருசாத் தெரியாத முகத்துக்கு, விரல் நீண்டதும் நிமிஷக் கணக்குல விலை போட்டிருக்காங்க.

2022ல் டாக்டர் ட்ரே, ஸ்னூப் டாக், எமினெம், கென்ட்ரிக் லமார்னு இதே மேடை முழுக்க ஹிப்-ஹாப் ஆச்சு. கச்சேரியைத் தயாரிச்சதுல ஜே-ஸியோட ராக் நேஷனும் ஒண்ணு. எமினெம் மண்டியிட்டார், அவர்கிட்ட யாரும் பணம் கேட்கல. 2025ல் கென்ட்ரிக் கச்சேரியில ஆடின ஒருத்தர் சூடான், பாலஸ்தீனக் கொடிகளை விரிச்சதும், என்.எஃப்.எல். மைதானம் எதுக்குள்ளயும் வாழ்நாள் முழுக்க வரக்கூடாதுன்னு தடை.

இவரைப் பத்தி ஸ்டீவ் லவரிட்ஜ் எடுத்த ஆவணப்படம் 2018ல் வந்தது, பேரு 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.' 2001ல் இலங்கை போய் அவரே எடுத்த காட்சிகளும் அதுல இருக்கு. கிடைச்சா பாருங்க.