நூல் தெரியும்வரை

புதுச்சேரி முதலியார்பேட்டையில் டயரின் ஆயுளைக் கிலோமீட்டரில் சொல்ல ஆரம்பித்தது ரொம்பப் பிற்காலத்தில்தான். 1970-களில் நான் டயர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தபோது, எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்ட ஒருத்தரும் நினைவில் இல்லை. "தீபாவளி வரைக்கும் தாங்குமா?" என்றுதான் கேட்பார்கள். தீபாவளி என்றால் மில் போனஸ். எங்கள் தெருவில் வேட்டி, பட்டாசு, டயர் மூன்றும் அந்தப் பணத்தில்தான் வந்தாக வேண்டும். ஆகவே டயர் எப்போது செத்தது என்பதை முதலில் தீர்மானித்தது ரப்பர் இல்லை, சட்டைப்பைதான். இந்த ஊரில் இரண்டு சக்கர வண்டிகளின் வரலாற்றை இந்த ஒரு கணக்கை வைத்தே எழுதிவிடலாம்.

மில் என்று சொன்னால் எங்களுக்கு ரோடியர் மில். 1898-ல் தொடங்கியது. ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்பது பலகையில் இருந்த பேர். பிற்பாடு வந்த பிள்ளைகளுக்கு ஏ.எஃப்.டி. 1936 ஜூலை 30-ல் புதுச்சேரி மில் தொழிலாளர் போராட்டத்தில் பிரெஞ்சுக்காரன் துப்பாக்கியால் சுட்டு 12 பேர் உயிர் போனது. அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. ஷிப்ட் என்று ஆனதும் தெருவுக்கே அது கடிகாரமாகிவிட்டது. சங்கு ஊதியதும் ஒரு கும்பல் சைக்கிள் உள்ளே போகும், ஒரு கும்பல் வெளியே வரும். பஞ்சர் கடைக்காரன் சாப்பிடுவதும் தூங்குவதும் அந்தச் சங்கைப் பார்த்துத்தான்.

என் அப்பா அந்த மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். நான் கடைக்குப் போக ஆரம்பித்த புதிதில், ஒருநாள் வீட்டுக்கு ஒரு கிழிந்த ஸ்கூட்டர் டயரைக் கொண்டுவந்தேன். அவர் அதைத் திண்ணையில் வைத்து, ரப்பரைக் கத்தியால் சீவி, உள்ளே இருந்த நூலை நகத்தால் பிரித்துப் பார்த்தார். "இதுல பாவுதான்டா இருக்கு, ஊடையே இல்லையே. இத எப்படி துணின்னு சொல்றான்?" என்றார். முப்பது வருஷம் தறி ஓட்டியவரின் கண்ணுக்கு மட்டுமே அது உடனே படும். டயருக்குள் இருக்கும் துணியில் தடித்த பாவு நூல் நீளவாக்கில் நெருக்கமாக ஓடும். குறுக்கே போகிற ஊடை, பாவு கலையாமல் இருப்பதற்காகப் பேருக்கு நாலு இழை.

முதலில் அப்படி இல்லை. காற்றடைத்த டயரை டன்லப் 1888-ல் கொண்டுவந்தபோதும், கழற்றி மாட்டுகிற சைக்கிள் டயரைப் பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் 1891-ல் கொண்டுவந்தபோதும், உள்ளே இருந்தது சாதாரண நெசவுத் துணிதான். பாவும் ஊடையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி நெய்த துணி. சக்கரம் சுற்றச்சுற்ற டயர் நசுங்கி நிமிரும். ஒவ்வொரு தடவையும் பாவை ஊடை அறுக்கும், சூடு ஏறும், துணி உள்ளேயே இற்றுப்போகும். மேலே ரப்பர் மிச்சம் இருக்கும்போதே டயர் வெடித்துவிடும். ஊடையைக் குறைத்துப் பாவை மட்டும் அடுக்கடுக்காகக் குறுக்கே போடும் முறை பரவியபிறகுதான் டயருக்கு ஆயுள் கூடியது. பிறகு நூலும் மாறியது: பருத்தி போய் ரேயான், ரேயான் போய் நைலான். சென்னைக்குப் பக்கத்தில் மணலியிலேயே 1970-களில் டயருக்கான நைலான் நூல் தயாராக ஆரம்பித்தது.

இன்னொரு மாற்றம் நிறத்தில் நடந்தது. ஆதியில் டயர் வெளுப்பாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரோடு புகைக்கரியைக் கலந்தார்கள். நிறம் மட்டும் மாறவில்லை. தேய்மானத்தைத் தாங்கும் சக்தி பல மடங்கு ஏறிவிட்டது. டயர் கறுப்பாக இருப்பது அழுக்கு தெரியாமல் இருக்க என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கரி இல்லாவிட்டால் வருஷத்துக்கு நாலு டயர் வாங்க வேண்டியிருக்கும்.

புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில்தான் மோட்டார் வண்டிகள் எங்கள் பக்கம் தலைகாட்டின. திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட், மைசூரில் ஜாவா. பிரெஞ்சு மொபிலெட்டின் தம்பியாகத் திருப்பதியில் தயாரான சுவேகா. டயருக்கு அம்பத்தூரில் 1959-ல் டன்லப் ஆலை வந்தது. பலூன் செய்து பிழைப்பை ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். 1961-ல் திருவொற்றியூரில் டயருக்கு வந்தது. ஆலைகள் இத்தனை கிட்ட இருந்தும் டயர் எளிதில் கைக்கு வந்த பொருள் இல்லை. விலை ஒரு பக்கம், தட்டுப்பாடு ஒரு பக்கம். அதனால் டயரின் மேல்முகத்து மேடுகளான பட்டன் தேய்ந்து மொட்டையானால் அது பாதி ஆயுள் என்றுதான் அர்த்தம். நூல் தெரிந்தால்தான் கடைக்கு வருவார்கள். அப்போதும் பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்து, மேலே டியூபைப் போட்டு, "மெதுவா போங்க அண்ணே" என்று அனுப்புவோம்.

முழுசாகச் சாகாத டயருக்கு ரீபட்டன். இன்றைய பிள்ளைகளுக்கு லாரி டயர்தான் ரீபட்டன் ஆகும் என்று தெரியும். அன்று ஸ்கூட்டர் டயரையும் போடுவோம். முதலாளி டயரை வாங்கியதும் ஓரத்தை இரண்டு கையாலும் விரித்து உள்ளே பார்ப்பார். உள்பக்கம் நூல் அறுந்து கோடு விழுந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு முட்டியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் பொத்தென்று விழும். தேறிய டயரின் மேல் தோலை அரத்தால் சுரண்டி, சொலுஷன் பூசி, காய்ந்ததும் புது ரப்பர் பட்டையை ஒட்டி, நீராவி அச்சுக்குள் வைத்துப் பூட்டுவோம். சுமார் 150 டிகிரி சூட்டில் வெந்து வெளியே வரும்போது பட்டன் விளிம்பெல்லாம் மீசை மீசையாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். புது டயர் விலையில் சொற்பப் பங்குதான். ஆனால் உள்ளே இருக்கும் நூல் பழையது. அதற்கு வயசைக் குறைக்க எந்த அச்சாலும் முடியாது.

1980-ல் டி.வி.எஸ். 50 வந்ததும் தெருவின் கணக்கே மாறியது. சைக்கிளில் போனவரெல்லாம் அதில் ஏறினார்கள். ஆள் ஒருத்தர், சாமான் ஒரு மூட்டை என்றுதான் வண்டி ஓடும். தேங்காய்த்திட்டுப் பக்கம் இருந்து மீன் ஏற்றி வரும் வண்டிகளின் பின் டயரைப் பார்த்தாலே தெரியும். ஐஸ் பெட்டியின் பாரம் முழுக்கப் பின்னால் உட்கார்ந்து நடுப்பட்டையைத் தின்றிருக்கும். உப்புத் தண்ணீர் டயரை ஒன்றும் செய்யாது. ரிம்மைத் துருப்பிடிக்க வைக்கும், துரு டியூபை அரிக்கும். புது டயர் கேட்டு வந்தவருக்கு ரிம்மைச் சுரண்டி உப்புத்தாள் போட்டுக் கொடுத்ததே பலதடவை போதுமாக இருந்தது.

1984, 85-ல் ஜப்பான் கூட்டோடு நூறு சி.சி. பைக்குகள் வந்தன. சுசுகி, யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100. அப்போதுதான் கிலோமீட்டர் பேச்சு வந்தது. பெட்ரோலுக்கு எத்தனை என்று கேட்க ஆரம்பித்தவர்கள், டயருக்கு எத்தனை என்றும் கேட்டார்கள். ஒரே ரோட்டில் ஓடுகிற ஸ்கூட்டர் டயர் ஏன் பைக் டயரைவிடச் சீக்கிரம் போகிறது என்பதற்கு விடை எளிது. பத்து இஞ்ச் ரிம் ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 740 சுற்று சுற்றும். பதினெட்டு இஞ்ச் பைக் 530 சுற்றுதான். சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் உழைக்கிறது. ஸ்கூட்டரில் ஸ்டெப்னி இருந்ததால் மூன்று டயரையும் மாற்றி மாற்றிப் போட்டு ஆயுளை இழுத்தார்கள். பைக்கில் அந்த வசதி கிடையாது.

சாதாரண நூறு சி.சி. பைக்கின் பின் டயர் எங்கள் பக்கம் இருபதாயிரத்திலிருந்து முப்பத்தைந்தாயிரம் கிலோமீட்டர் வரை போகும். முன் டயர் அதைத் தாண்டியும் ஓடும். பட்டன் ஒரு மில்லிமீட்டர் தேய ஐயாயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் சக்கரம் 26 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும். ஒரு சுற்றுக்குப் போகிற ரப்பர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தப்பு எங்கே நடக்கிறது என்று ரோட்டில் பார்த்துப் பிரயோசனம் இல்லை, டயரில்தான் பார்க்க வேண்டும்.

டயர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும். பின் டயர் நடுவில் மட்டும் தட்டையாக இருந்தால் நேர் ரோட்டில் பாரத்தோடு ஓடியது. காற்று அதிகமாக வைத்தாலும் அப்படித்தான். இரண்டு ஓரமும் தேய்ந்து, பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் காற்றுக் குறைவு. டயர் அதிகமாக நசுங்கி, உள்ளே சூடேறி, நூலும் ரப்பரும் பிரியத் தயாராக இருக்கும். ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தால் செயினை இழுத்து வைத்தபோது இரண்டு பக்கத்துக் கோட்டையும் சமமாக வைக்காமல் விட்டிருப்பார்கள். சக்கரம் கோணலாக உராய்ந்துகொண்டே போயிருக்கும். முன் டயரில் உள்ளங்கையை வைத்து ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம்போலக் குத்தும். அது பிரேக்கின் கையெழுத்து. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பட்டனின் ஒரு விளிம்பு மட்டும் மடங்கி உரசுவதால் வருவது.

எங்கள் ரோட்டுக்கு அந்தக் கையெழுத்து அதிகம். மில் பக்கத்து ரயில்வே கேட் போட்டால் நிற்க வேண்டும், மரப்பாலம் சிக்னலில் நிற்க வேண்டும், நூறடி ரோட்டுத் திருப்பத்தில் ஒருத்தன் குறுக்கே வருவான். நின்று நின்று கிளம்புவதில் முன் டயர் பிரேக்குக்கும் பின் டயர் என்ஜின் இழுப்புக்கும் ரப்பரைக் கொடுக்கிறது. அதே வண்டி கடலூருக்குச் சீராகப் போய்வந்தால் பாதிதான் தேயும் என்று என் வாடிக்கையாளர்களை வைத்தே சொல்வேன். சித்திரை வெயிலில் ரோடு கொதிக்கும்போது தேய்மானம் ஏறும். ஐப்பசி மழையில் தேய்மானம் குறையும், பஞ்சர் கூடும். நனைந்த ரப்பரைக் கண்ணாடிச் சில்லு எளிதாக அறுத்துவிடும். வெயிலில் மாசக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி ஓடாமலே கெடும். ரப்பருக்குள் கலந்திருக்கும் மெழுகு, டயர் ஓடி நசுங்கினால்தான் மேலே கசிந்து பக்கச்சுவரைக் காப்பாற்றும்.

எப்போது மாற்ற வேண்டும் என்று சட்டமும் ஒரு கோடு போட்டது. 1989-ன் மோட்டார் வாகன விதிகளில் இரண்டு சக்கர வண்டிக்குப் பள்ளம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர். அந்த அளவுக்குப் பட்டன்களுக்கு நடுவே சின்ன மேடு வைத்திருப்பார்கள், பக்கச்சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்று எழுதியிருக்கும். மேடும் பட்டனும் சமமானால் முடிந்தது. இதோடு நான்கு இலக்கத் தேதியும் உண்டு. முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். இப்போது புது டயர் வாங்க வருகிற இளவட்டம் முதலில் அதைத்தான் தேடுகிறது. டியூப்லெஸ் வந்தபிறகு ஆணி குத்தினாலும் ஸ்ட்ரிப் வைத்து அஞ்சு நிமிஷத்தில் அனுப்பிவிடலாம். நூலைக் கண்ணால் பார்க்காமலே ஒரு தலைமுறை டயரை மாற்றுகிறது.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் மில்லின் கூரைகளைப் பிய்த்தது. 2020-ல் மில்லை நிரந்தரமாக மூடினார்கள். போனஸ் என்ற தவணைத் தேதி தெருவை விட்டுப் போனது. மில்காரர்கள் இடத்தில் இப்போது சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் பையன்கள். காலையில் கிளம்பி நள்ளிரவு வரை ஓடுகிறார்கள். மில்காரர் ஒரு மாசத்தில் ஓட்டிய தூரத்தை ஒரு வாரத்துக்குள் முடிக்கிறார்கள். அவர்கள் கேட்பதும் பழைய கேள்விதான்.

"அண்ணே, அடுத்த பேமென்ட் வரைக்கும் தாங்குமா?"

"வெயில்ல தாங்கும் தம்பி. மழை வந்தா தாங்காது. முன்னாடி டயர மட்டும் இன்னிக்கே மாத்திக்க."

பணம் ஒரு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் முன்னால் போடச் சொல்வது என் வழக்கம். பின் டயர் வழுக்கினால் வண்டியைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்; முன் டயர் வழுக்கினால் கீழே விழுவதைத் தவிர வேறு வழி இல்லை. கம்பெனி பேரைக் கேட்டு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் காற்றை வாரம் ஒருமுறை பார்ப்பதில்லை. ஒரே கம்பெனி, ஒரே வாரத்தில் தயாரான இரண்டு டயர்களை இரண்டு பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒன்று போய் வருஷமான பிறகும் மற்றது ஓடிக்கொண்டிருந்தது. வித்தியாசம் காற்றிலும் பிரேக்கிலும் பாரத்திலும் இருந்தது. எனவே எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பவரிடம் பதிலுக்கு நான் கேட்பது மூன்று: காற்று எப்போது அடித்தீர்கள், பின்னால் என்ன ஏற்றுகிறீர்கள், வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள்? இதற்குச் சரியாகப் பதில் சொல்பவருக்கு மட்டும்தான் என் வாயிலிருந்து கிலோமீட்டர் வரும்.