உயிரற்ற குரல் ஒன்று பிறந்த கதை

1918 மார்ச் மாதம், பிரான்சில் அராஸ் நகரை ஒட்டிய போர்முனையில் ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் மாண்டுபோனார். லண்டனில் அவருடைய மகனுக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. சில ஆண்டுகளில் தாயும் கண்ணை மூட, பையன் பாட்டியின் நிழலில் வளர்ந்தான். பதினான்கு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. கைத்தொழில் பழகப் போன இடத்தில் மனம் ஒட்டவில்லை. 1932இல் பிபிசியில் வேலைக்குச் சேர்ந்தான். கிடைத்தது எடுபிடி வேலை: கடிதக் கட்டுகளைச் சுமந்துகொண்டு அறை அறையாக ஓட வேண்டும். ஒலிவாங்கி இருக்கும் பக்கம் போக அவனுக்கு வேலையே இல்லை. அந்தப் பையனின் பெயர் சார்லஸ் சில்டன்.

எடுபிடி வேலையிலிருந்து அவன் ஏறிய முதல் படி, இசைத்தட்டு நூலகம். தட்டுகளைத் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் பணி. கொடுப்பதற்கு முன் கேட்டான், கொடுத்த பிறகும் கேட்டான். சீக்கிரமே ஜாஸ் இசையில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவனிடம் வந்து நின்றார்கள். அப்படியே நிகழ்ச்சித் தயாரிப்பாளராகவும் ஆனான். அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

விமானப்படையில் சேர்ந்த சில்டனை இலங்கைக்கு அனுப்பினார்கள். அங்கே தென்கிழக்காசியப் போர்முனைப் படைகளுக்காக இயங்கியது ரேடியோ சீக். பின்னாளில் தமிழ்நாட்டு வீடுகளெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட இலங்கை வானொலி, அந்தப் படை வானொலி விட்டுச்சென்ற கருவிகளைக் கொண்டுதான் எழுந்தது. அங்கே சில்டனோடு பணியாற்றியவர் டேவிட் ஜேக்கப்ஸ் என்ற இளம் அறிவிப்பாளர். குரலை நினைத்தபடி வளைக்கத் தெரிந்தவர். அந்தப் பழக்கம் எதற்கு உதவப்போகிறது என்று இருவருக்குமே அப்போது தெரியாது.

போர் முடிந்து லண்டன் திரும்பிய சில்டன், 1949இல் குதிரை வீரர்களும் துப்பாக்கிகளுமாக ஒரு கௌபாய் தொடரைத் தொடங்கினார். அது 1953 வரை வெற்றிகரமாக ஓடியது. அது நின்ற பிறகு அவர் முன்னால் வந்து விழுந்த வேலை, விண்வெளிக் கதை. மனிதன் ஒரு செயற்கைக்கோளைக்கூட மேலே அனுப்பியிராத காலம் அது.

1953 செப்டம்பர் 21, திங்கட்கிழமை, முதல் பகுதி ஒலித்தது. நிலவுக்குப் போகும் கதைதான். ஆனால் தொடக்கப் பகுதிகளில் ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. நேயர்கள் மளமளவென்று விலகினார்கள். தொடர் அத்தோடு மூழ்கியிருக்க வேண்டியது.

ராக்கெட் கிளம்பியதும் நேயர்கள் திரும்பி வந்தார்கள்! வான் பிலிப்ஸின் இசை எழும்பி, குரல்கள் இருட்டு வெளியில் தனித்து நின்றபோது, வீடுகளில் பேச்சு மூச்சில்லை. தொடர் 18 பகுதிகள் வரை நீண்டது. அடுத்த ஆண்டே இன்னொன்று வேண்டும் என்றார்கள். இம்முறை சில்டன் தேர்ந்தெடுத்தது செவ்வாய்க் கிரகத்தை. அங்கே எந்தப் பூதமும் இல்லை, கவ்வ வரும் கொடுக்கும் இல்லை. அதைவிட மோசமான ஒன்று காத்திருந்தது.

கதை 1971இல் நடக்கிறது. ஜெட் மோர்கனின் தலைமையில் டிஸ்கவரி என்ற தலைமைக் கலமும் எட்டுச் சரக்குக் கலங்களும் செவ்வாயை நோக்கிப் போகின்றன. குழுவில் விட்டாகர் என்று ஒருவன். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், வாக்கியத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே கனத்தில் பேசுகிறான். அவனைப் பற்றி விசாரித்தால் பூமியிலிருந்து வரும் பதில் முதுகைச் சில்லிட வைக்கிறது: ஆள் பிறந்தது 19ஆம் நூற்றாண்டில். பார்க்கவோ வாலிபன். செவ்வாய்வாசிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே அவனைக் கொண்டுபோய், மனத்தைத் துடைத்து, தங்கள் கட்டளையைக் குடியேற்றியிருக்கிறார்கள். அவனைப் போல எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

செவ்வாயின் தரையில் குழுவினர் ஒரு வீட்டைக் காண்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள், இது ஆஸ்திரேலியா, நாங்கள் ஆடு வளர்க்கிறோம் என்று சத்தியம் செய்கிறார்கள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார்கள். என் கணக்கில் முழுத் தொடரிலும் உச்சம் இந்தக் கட்டம்தான். திரைப்படமாக இருந்தால் சிவப்பு மண் காட்டிக்கொடுத்துவிடும். வானொலியில் கேட்பவருக்கு மண்ணும் தெரியாது, வானமும் தெரியாது. குரல் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. அதாவது அந்த வீட்டில் இருப்பவர்களின் நிலையில்தான் நேயரும் இருக்கிறார். இதை உணர்ந்து எழுதியவர் சாதாரணக் கைகாரர் அல்ல.

விட்டாகராகப் பேசியவர் அந்தோணி மேரியட். ஜெட் மோர்கனாக ஆண்ட்ரூ ஃபால்ட்ஸ். பெரிதும் சிறிதுமாக எண்ணற்ற பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர், இலங்கையில் கூட இருந்த அதே டேவிட் ஜேக்கப்ஸ். 1955 ஜனவரியில் இருபதாவது பகுதியோடு கதை முடிந்தது. மூன்றாவது தொடரும் வந்தது. உச்சத்தில் 80 லட்சம் பேர் கேட்டார்கள். மாலை நேரத்தில் தொலைக்காட்சியை முந்திய கடைசி பிரிட்டிஷ் வானொலி நிகழ்ச்சி இதுதான் என்பார்கள். அப்பேர்ப்பட்ட தொடரின் மூல ஒலிப்பதிவுகளை ஒலிபரப்பு முடிந்த சிறிது காலத்திலேயே அழித்துவிட்டார்கள்.

பின்னர் சில்டன், தந்தையின் கல்லறையைத் தேடி அராஸ் போனார். கல்லறை இல்லை. உடல் கிடைக்காமல் போன 35,942 பேரின் பெயர்களோடு ஒரு சுவரில் தந்தையின் பெயரும் செதுக்கப்பட்டிருந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து அவர் ஆக்கிய போர்க்காலப் பாடல் நிகழ்ச்சி, 'ஓ, வாட் எ லவ்லி வார்' என்ற புகழ்பெற்ற மேடை நாடகத்துக்கு விதையானது. எதற்கு என்று கேட்காமல் கட்டளைக்குப் பணிந்து நடக்கும் விட்டாகரை நினைக்கும்போது, அவனுடைய வேர் செவ்வாயில் இல்லை, அராஸ் மண்ணில்தான் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

அழிந்தது அழிந்ததுதான் என்று முப்பது ஆண்டுகள் போயின. 1986இல், வெளிநாட்டு வானொலி நிலையங்களுக்கு அனுப்புவதற்காகப் பதித்த சில தட்டுகள், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் வேறெங்கோ வைக்கப்பட்டிருந்த நிலையில் கிடைத்தன. ஊசியை வைத்தால் விட்டாகர் பேசினான். யாரோ தட்டை இடம் மாற்றி வைத்த பிழைதான் அதைக் காப்பாற்றியிருந்தது.

அந்த ஒலிப்பதிவுகள் மறுபடி ஒலிபரப்பாகி, கேசட்டாகவும் குறுந்தட்டாகவும் கடைகளுக்கு வந்தன. சார்லஸ் சில்டன் 2013இல் 95 வயதில் காலமானார். அவர் எழுதிய அந்த 20 பகுதி நாடகத்தின் பெயர் 'ஜர்னி இன்டு ஸ்பேஸ்: தி ரெட் பிளானட்'. வேற்றுக்கிரகவாசிகள் மனித மனத்தைப் பிடித்து ஆட்டும் வானொலி நாடகங்களில் இதற்கு இணையாக வைக்க எனக்கு வேறொன்று தெரியவில்லை.