எக்கரும் மகளிரும்: மணல்மேட்டு மீட்பின் வரலாறு குறித்துச் சில

அலையும் காற்றும் குவித்த கடற்கரை மணல்மேட்டைச் சங்கத் தமிழ் 'எக்கர்' என்றது. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய ஞாழற் பத்து, எக்கரில் நிற்கும் ஞாழலைக் களமாகக் கொண்டது. குறுந்தொகையின் 243ஆம் பாடல் அடும்பின் இலையை மானின் அடிக்கு ஒப்பிடுகிறது. மகளிர் அதன் பூவைக் கொய்து மணலில் விளையாடுகின்றனர். அதே கொடிக்குத் தாவரவியலார் இட்ட இலத்தீன் பெயரின் பொருள் 'ஆட்டின் கால்'.

அடும்பு கணுதோறும் வேரூன்றிப் படர்வது. காற்றில் வரும் மணலை அதுவும் இராவணன் மீசைப் புல்லும் தடுத்து நிறுத்துவதால் மேடு வளர்கிறது. மேடு மழைநீரைத் தன்னுள் தேக்குகிறது. அதன் ஊற்றுநீரே பல கடலோரச் சிற்றூர்களுக்குக் குடிநீர்.

இம்மண்ணை வருவாய்த்துறை ஆவணங்கள் 'தரிசு' என்றும் 'புறம்போக்கு' என்றும் எழுதின. 19ஆம் நூற்றாண்டில் புகைவண்டிக்கு விறகு வேண்டிச் சென்னை மாகாணக் கடற்கரையில் சவுக்கு பரவியது. 2002இல் நாகை மாவட்டத்து நாலுவேதபதியில் ஊரார் ஒன்றுகூடி ஒரே நாளில் 80,244 கன்றுகளை நட்டுக் கின்னஸ் சாதனை படைத்தனர். 2004 ஆழிப்பேரலையில் அவ்வூரைக் காத்தவை மரங்களே என்ற பேச்சு எங்கும் பரவியது. அதன்பின் உலக வங்கி நிதியுதவியோடு கடலோரத்தில் மேலும் சவுக்குத் தோப்புகள் எழுந்தன.

இத்தகைய திட்டங்களில் பெண்கள் நாற்றங்காலிலும் நடவிலும் கூலிக்கு உழைத்தனர். அதுவே 'மக்கள் பங்கேற்பு' எனக் கணக்கில் ஏறியது. ஆனால் கருவாடு காயவைப்பதும் ஊற்றுநீர் சுமப்பதும் அப்பெண்களே. எந்த மேடு நகர்கிறது, எந்த ஊற்று கோடையில் உவர்க்கிறது என்பதை நாள்தோறும் காண்பவர்களும் அவர்களே. சவுக்கு நெருங்கி வளர்ந்து சருகு மூடிய இடத்தில் அடும்பு தழைப்பதில்லை. கருவாட்டுக்குரிய வெயிலும் வெளியும் சுருங்குகின்றன. கன்று எங்கே நடுவது என்பதை அவர்களிடம் கேட்டு முடிவு செய்திருந்தால் இவ்விழப்பு குறைந்திருக்கும்.

மணல்மேட்டை மாற்றியமைப்பதைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இலேயே தடுத்தது. 2011இல் மணல்மேடுகள் முதல் வகைப் பாதுகாப்புப் பகுதியில் சேர்ந்தன. எனினும், சட்டம் காக்கும் நிலத்தில் உழைக்கும் பெண்ணின் உரிமை இன்னும் தெளிவாகவில்லை. நம் மும்பையின் வெர்சோவாவில் கோலிப் பெண்கள் பொம்பில் காயவைக்கும் வெளிக்கும் இதே கேள்வி பொருந்தும்.

மேட்டை மீட்கும் அடுத்த திட்டம் எதுவாயினும், முதற்கூட்டம் கருவாடு காயும் மணலில், அப்பெண்களுக்கு ஓய்வான வேளையில் நடக்கட்டும்.